ஆறு மணிக் காற்று

நேற்று நண்பகல்
பதினான்கு பேருக்குச் செய்தி போயிருக்கிறது:
"படகு புறப்படும். துறைக்கு வாருங்கள்."
அந்நேரம் கடல்
தடுப்புச்சுவரைத் தாண்டிவந்து
கார் நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டிருந்தது.

டோர்ஷவ்ன். படகுக் கழகத்தின் இரண்டாம் மாடி.
ஈரக் கம்பளி வாடை.
பிழைப் பதிவேட்டைத் திறந்து
யார் அனுப்பியது என்று தேடுகிறேன்.
பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை,
இருநூற்றுப் பன்னிரண்டாம் வரி என்கிறது.
ஊர் தெரிகிறது, பேர் தெரியவில்லை.

எழுதியவள் நான்தான்.
மார்ச் மாதம், ஏதோ அவசரம்.
ஓரிடத்தில் ஒரேயொரு வேலை,
அதற்கு எதற்குப் பெயர் என்று விட்டுவிட்டேன்.
ஃபங்ஷன் என்ற சொல்,
ஒட்டினாற்போல் அடைப்புக்குறி,
நெளிந்த இரு கைகளுக்கு நடுவே நான்கு வரி.
அப்படியே அள்ளி
இன்னொரு ஃபங்ஷனிடம் ஒப்படைத்து
"பன்னிரண்டு அடித்ததும் இதைக் கூப்பிடு" என்றேன்.
பெயர் வைக்கச் செலவில்லைதான்.

துறையிலும் இப்படித்தான்.
படகு நெருங்கும்போது வடத்தை வீசுவார்கள்,
கரையில் நிற்கிற எவரோ பிடித்து
இரும்புக் குற்றியில் மாட்டுவார்.
தபால் போட வந்தவராக இருக்கும்,
கக்கத்தில் ரொட்டிப் பொட்டலம் இருக்கும்.
யாரும் பேர் கேட்பதில்லை.
அரைத் தலையாட்டல். படகு நிற்கும்.

நான்கு வரியையும் ஆறு தடவை படித்தேன்.
காற்று பதினைந்துக்குக் கீழே என்றால் புறப்படும்,
மேலே என்றால் ரத்து.
கணக்கில் பிசகில்லை.
எந்தக் காற்று என்பதுதான் கேள்வி.

இந்த மொழியில்
வெளியே நடப்பது உள்ளே தானாகத் தெரியாது.
யூஸ் என்று எழுதி, வேண்டியதைக்
கையில் கொடுத்தனுப்ப வேண்டும்.
அனுப்பியிருக்கிறேன்,
நிரல் கண்விழிக்கும் காலை ஆறு மணிக்கு.
அப்போது காற்று நான்கு.
கூரைப் புல்லும் அசையாத நான்கு.
பதினோரு மணிக்கு இருபத்தாறு.
வெளியே எண் ஏறிக்கொண்டேயிருக்க
அதன் மடியில் மட்டும் நான்கு
நான்காகவே இருந்தது.
கட்டிக் கொடுத்த சோறு.

அது பொய் சொல்லவில்லை.
தெரிந்ததைச் சொன்னது, அவ்வளவே.

பக்கத்து மேசை ஹனுஸ் எட்டிப் பார்த்தான்.
"ஒரு பெயராவது வை.
அடுத்த முறை பேர் சொல்லித் திட்டலாம்."

பதினான்கு பேரையும் அழைத்து மன்னிப்புக் கேட்டேன்.
பன்னிரண்டு பேர்
சன்னலைப் பார்த்துவிட்டு வீட்டிலேயே இருந்தார்களாம்.
நனைந்த இருவரும் சுற்றுலா வந்தவர்கள்,
செய்தியை நம்பியவர்கள்.

பதினைந்தாவது அழைப்பு எனக்கு வந்தது.
தோர்மோத், பேரண்ட்ஸ் கடலிலிருந்து,
இழுவைப் படகின் இரைச்சலோடு.
எழுபது நாளாகிறது போய்.
நடுவில் ஒரு துறைமுகத்தில் ஒதுங்கியபோது
சுன்வாவுக்குக் காலணி வாங்கினானாம்.
"சிவப்பு. இருபத்துநான்கு."
"சிவப்பு நல்லாயிருக்கும்" என்றேன்.
அதற்குள் தொடர்பு அறுந்தது.

திருத்தம் ஒரே ஒரு குறி.
காற்றுக்கு முன்னால் ஒரு &.
கொஞ்சம் உற்றுப் பார்த்தால்
முடிச்சுப் போட்ட கயிறு மாதிரி இருக்கிறது.
இனி அது எடுத்துப்போவது எண்ணை அல்ல,
எண்ணில் கட்டிய வடத்தை.
இங்கே இழுத்தால் அங்கே ஆடும்.
பொய்க் காற்று ஒன்றை ஏற்றிப் பார்த்தேன்:
ஐந்து, பதினான்கு, முப்பது.
ரத்து என்றது.
பெயர் வைக்கவில்லை. ஹனுஸ் முனகினான்.

இரவு. சுன்வா தூங்குகிறாள்.
போர்வைக்கு வெளியே நீட்டிய காலடியில்
காகிதத்தை வைத்துப் பென்சிலால் சுற்றி வந்தேன்.
கூச்சத்தில் விரலை மடக்கினாள்,
இன்னொரு முறை வரையவேண்டியதாயிற்று.

தோர்மோத்தின் தொலைபேசிக்கு ஒரு செய்தி.
அலை கிடைக்கும் எல்லைக்குள் அவன் வந்ததும்
தானாகப் போய்ச் சேரும்,
நான் விழித்திருக்க வேண்டியதில்லை.
சிவப்பு பற்றி எதுவும் எழுதவில்லை.
26 என்று மட்டும்.
கீழே பெயர் போடவில்லை.